போர்ட்ஃபோலியோவில் அம்மம்மா வீடு

கேள்வி: "அக்கா, நான் மொரட்டுவையில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு முடிக்கிறேன், இருப்பது வெள்ளவத்தையில். பயிற்சிக்குக் கொழும்பில் அலுவலகம் தேடுகிறேன், எல்லா இடத்திலும் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு நூலகம், பேரை வாவிக் கரையில் ஒரு படகுத்துறை, மொரட்டுவையில் தச்சுப் பட்டறையுடன் ஒரு வீடு, முதலாம் ஆண்டில் செய்த ஒரு கூடாரம், கொம்பனித் தெருவில் ஆறு பேராகச் செய்த நகர ஆய்வு, இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. என் ரெண்டர்கள் (கணினியில் எடுத்த கட்டடப் படங்கள்) மற்றவர்களுடையதைப் போலப் பளபளப்பாக இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவதென்றாலும் பயம். எத்தனை பக்கம் வேண்டும், எதைப் போடுவது, எதை விடுவது? வட்டுக்கோட்டையில் அம்மம்மாவின் நாற்சார் வீட்டை அளந்து வரைந்ததும் இருக்கிறது. அது பாடத்துக்குச் செய்தது இல்லை என்பதால் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்."

உங்கள் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன், தங்கச்சி. அம்மம்மா வீட்டை விடவேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் லேசு.

நான் வேலை செய்வது பன்னிரண்டு பேர் இருக்கும் சின்னக் கட்டடக்கலை அலுவலகம். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் காலம் வந்தால் மின்னஞ்சலில் போர்ட்ஃபோலியோக்கள் வந்து குவியும். அவற்றை முதலில் திறப்பது நான்தான். பெரும்பாலும் மத்தியான நேரம், பக்கத்தில் சோற்றுப் பார்சல், மடிக்கணினித் திரையில் பாதி. ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். இரக்கமில்லாத கணக்குத்தான், என்ன செய்வது. அந்த நேரத்தில் "இந்தப் பிள்ளை பெரிய மேதையா" என்று நான் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை இவரிடம் ஒரு செக்ஷனை (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்கும் வரைபடம்) வரையக் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை அதில் எவ்வளவு சரியாக இருக்கும், எங்கே சந்தேகம் வந்தது என்று எழுந்து வந்து கேட்பாரா, இவ்வளவுதான் தேடுகிறேன். உங்கள் போர்ட்ஃபோலியோவின் ஒவ்வொரு பக்கமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

ரெண்டர் பற்றிய கவலையை இதோடு விட்டுவிடலாம். வருகிற போர்ட்ஃபோலியோக்களில் பாதிக்கு மேல் ஒரே ரெண்டர்தான். அந்திச் சிவப்பு வானம், முன்னால் கோட் போட்ட வெள்ளைக்காரத் தம்பதி, பலூன் பிடித்த குழந்தை, கொழும்பில் யாரும் ஓட்டாத கார். பார்த்ததும் மனசில் பதிவது மென்பொருளின் பெயர்தான், வரைந்தவருடைய பெயர் இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொழும்பு இருப்பது வட அகலாங்கு ஏறத்தாழ 7 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் அது எங்களுக்கு வடக்கே நிற்கும். மென்பொருளில் இடத்தை மாற்றாமல் விட்டால் கட்டடம் எங்கோ வட அமெரிக்காவில் நிற்பதாக அது நினைத்துக்கொண்டு, ஜூன் மத்தியானத்தில் வடக்குச் சுவரை இருட்டாகவும் தெற்கு முகப்பைப் பளீரென்றும் காட்டும். போன வருடம் ஒருவர் இப்படித்தான் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, "நேர் வெயில் படாத பக்கம்" என்று பக்கத்தில் எழுதியும் இருந்தார். அழகான படம். அந்த அறையில் ஜூன் மாதம் இருந்து வேலை செய்கிறவர் பாவம்.

ஆகவே ரெண்டர் ஒன்றோ இரண்டோ போதும், வெயில் சரியாக விழட்டும். செயற்கை நுண்ணறிவில் எடுத்த படம் என்றால் கீழே அப்படியே எழுதிவிடுங்கள். கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், நாங்கள் கட்டாயம் கேட்போம்.

சரி, பக்கக் கணக்கு. மூன்றாம் ஆண்டு மாணவிக்கு இருபது, இருபத்தைந்து பக்கம் தாராளம். உங்கள் ஐந்தில் நூலகம், படகுத்துறை, பட்டறை வீடு மூன்றும் முழுதாக வரட்டும். கூடாரத்துக்கு ஒரு பக்கம், அதுவும் அந்த மாதிரியுருவின் படம் நன்றாக இருந்தால் மட்டும். நகர ஆய்வுக்கு இரண்டு பக்கம். அப்புறம் அம்மம்மா வீடு. செய்த வரிசையில் அடுக்கவேண்டாம். முதலாம் ஆண்டில் இருந்து தொடங்கினால் நல்ல வேலை வருவதற்குள் நான் பார்சலை முடித்துவிட்டு எழும்பிவிடுவேன். மிகவும் நம்பிக்கையான வேலை முதலில், அடுத்த நல்லது கடைசியில்.

நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஏ1 தாள் ஆறு இருக்கிறது. முதல் தாளில் செய்மதிப் படம், அதன்மேல் காற்றுக்கு நீல அம்பு, வெயிலுக்கு மஞ்சள் அம்பு, சத்தத்துக்குச் சிவப்பு வளையம். இதை எல்லோரும் போடுவார்கள், யாரும் வாசிப்பதில்லை. ஆனால் அந்தத் தாளின் வலது மூலையில் தபால்தலை அளவில் பென்சிலால் ஒன்று வரைந்திருக்கிறீர்களே, பின்னேரம் நாலு மணிக்கு ரியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் மதிலின் நிழலில் வரிசையாகக் குந்தியிருப்பது, எதிரே முச்சக்கரவண்டிகள். அதுதான் உங்கள் முதல் பக்கம். பெரிதாக்கி, பக்கம் முழுக்க அதையே போடுங்கள். அந்த நிழல் எந்த மணிக்கு எவ்வளவு தூரம் விழுகிறது என்று ஒரு வரி. நூலகத்தின் திண்ணை ஏன் அந்தப் பக்கம் வந்தது என்பதை இனிமேல் நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கம், முடிவு எடுத்த விதம். ஜூரிக்கு, வேலையை மதிப்பிடும் ஆசிரியர் குழுவுக்கு, முன்னால் வெட்டி ஒட்டிய அட்டை மாதிரிகள் மூன்றும் ஒரே நிலத்தில், ஒரே கோணத்தில். இரண்டு கைவிட்டவை, ஒன்று எடுத்தது. கைவிட்டவற்றின் கீழ் ஏன் என்று ஒரு வரி: "முற்றம் நன்று, ஆனால் தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது." மாணவர்கள் தோற்ற யோசனைகளை ஒளித்துவைக்கிறார்கள். எனக்கென்றால் அதுதான் போர்ட்ஃபோலியோவிலேயே ருசியான இடம். அலுவலகத்தில் எங்கள் நாளில் முக்கால்வாசி யோசனைகளைக் கைவிடுவதிலேயே போகிறது. எதை ஏன் கைவிட்டோம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையோடு வேலை செய்வது சுகம்.

மூன்றாவது செக்ஷன். தாளில் அதை நாலு படங்களுக்கு நடுவே நெருக்கி வைத்திருக்கிறீர்கள். வெளியே எடுத்து இரண்டு பக்க விரிப்பாகப் போடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யவேண்டும். கூரையில் விழும் மழைத்துளி ஒன்றைப் பென்சிலால் பின்தொடர்ந்து பாருங்கள். ஓட்டில் இறங்குகிறது, பீலிக்கு வருகிறது, அப்புறம்? உங்கள் வரைபடத்தில் பீலி சுவருக்குள் போய் மறைந்துவிடுகிறது. கொழும்பில் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் அந்தத் தண்ணீர் வாசிப்பு அறைக்குள்தான் வரும். இறக்கக் குழாயை வரைந்து, கீழே கான்வரைக்கும் கொண்டுவந்து, அந்த மூலையை மட்டும் 1:20 அளவில் நாலாம் பக்கத்தில் போடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி பீலியைப் பற்றி யோசித்திருக்கிறாள் என்று கண்டால் நான் கதிரையில் நிமிர்ந்து உட்காருவேன், சத்தியமாக. பிளானை அதே பக்கத்தில் சிறிதாகப் போட்டால் போதும், வடக்குக் குறியும் அளவுகோல் பட்டையும் மறக்காமல்.

ஆறு ஏ1 தாள் நாலைந்து பக்கமாகிவிட்டது. படகுத்துறைக்கும் பட்டறை வீட்டுக்கும் இதே மாதிரிச் செய்யுங்கள், ஆனால் இதே வரிசையில் வேண்டாம். பட்டறை வீட்டில் மரப்பொருத்து நன்றாக வந்திருக்கிறது. அங்கே அந்தப் பொருத்திலேயே தொடங்கி வெளியே வரலாம்.

ஏ1 தாளைச் சுருக்கி அப்படியே ஏ3இல் ஒட்டுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள் என்பதால் என் சொந்த மானக்கேட்டை இங்கே சொல்லிவிடுகிறேன். என் முதல் போர்ட்ஃபோலியோ 48 பக்கம், எல்லாம் கறுப்புப் பின்னணி. இருந்த தாள்களை எல்லாம் ஏ3க்குச் சுருக்கி, இரவோடு இரவாக அச்சடித்து, கறுப்பு மை கையில் ஒட்ட ஒட்டக் கொண்டுபோனேன். நேர்முகத்தில் இருந்த ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "பிள்ளை, இதில் என்ன எழுதியிருக்கிறது, நீங்களே வாசியுங்கோவன்" என்றார். என்னால் வாசிக்க முடியவில்லை. அவர் விடவில்லை. லாச்சியைத் திறந்து முக்கோண அளவுகோலை எடுத்து, 1:100 பக்கத்தை என் பிளானில் வைத்தார். "உங்கட வாசல் கதவு 450 மில்லிமீற்றர். பூனைக்கோ?"

நடந்தது இதுதான். ஏ1இன் நீளத்திலும் அகலத்திலும் சரிபாதிதான் ஏ3. 1:100 என்று வரைந்தது ஏ3க்கு வந்ததும் 1:200 ஆகிவிடுகிறது, கீழே எழுதிய 1:100 மட்டும் மாறாமல் நிற்கிறது. 900 மில்லிமீற்றர் கதவு 450 ஆவது அப்படித்தான். எழுத்தும் பாதி, கோடும் பாதி. 0.13 மில்லிமீற்றர் கோடு 0.065 ஆகும்போது அச்சில் காணாமலே போய்விடும், வெட்டுப்பட்ட சுவரும் தூரத்து ஜன்னலும் ஒரே கனத்தில் தெரியும். அதனால் சுருக்காதீர்கள், ஏ3க்கென்று கோப்பைத் திரும்பத் திறந்து கோட்டுக் கனங்களை மாற்றி எடுங்கள். வெட்டுப்பட்ட சுவர் 0.5, அதற்குப் பின்னால் தெரிவது 0.25, தளபாடமும் தரை ஓடும் 0.13 என்றால் ஏ3இல் கண்ணுக்கு இதமாக இருக்கும். அளவை எண்ணாக எழுதுவதோடு நிற்காமல் அளவுகோல் பட்டை போடுங்கள். பக்கத்தைச் சுருக்கினால் அதுவும் கூடவே சுருங்கும், பொய் சொல்லாது.

அந்த அலுவலகம் என்னை எடுக்கவில்லை. ஐயா சொன்னது மட்டும் இன்றுவரை உதவுகிறது.

இனிக் குழு வேலை. கொம்பனித் தெரு ஆய்வை ஆறு பேர் செய்தீர்கள். போடலாம், தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தக் கோடு உங்களுடையது என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்: "ஆறு பேர் குழு. நான் செய்தது: கடை முகப்புகளை அளந்து வரைந்தது, இந்த நீள முகப்பு எலிவேஷன்." மற்ற ஐவரின் பெயரும் வேண்டும். கொழும்பு சின்ன ஊர். அதே எலிவேஷனை மூன்று பேர் தங்களுடையது என்று அனுப்பி, மூன்றும் என் மேசைக்கு ஒரே கிழமையில் வந்திருக்கிறது. மூவரையும் கூப்பிடவில்லை, ஒருவர் உண்மையில் வரைந்தவராக இருந்திருக்கலாம். பெரிய ஆட்கள் விஷயத்திலும் எங்களுக்கு இந்த மறதி உண்டு. இலங்கையின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்கள் என்று வாய் நிறையச் சொல்கிறோம். அவருடைய அலுவலகத்தில் நீண்ட காலம் பங்காளியாக இருந்து அந்தக் கட்டடங்களை நிற்கவைத்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பெயர் எத்தனை தமிழ் மாணவருக்குத் தெரியும்? அங்கே வரைந்த ஓவியர் லக்கி சேனநாயக்கவின் மரங்களைப் பாருங்கள், இலை இலையாக, இன்ன மரம் என்று சொல்லும்படி நிற்கும். மென்பொருளில் கிடைக்கும் பச்சை உருண்டையை பிளானில் தெளிப்பதற்கு முன் அந்த வரைபடங்களை ஒருதரம் பார்ப்பது நல்லது.

எங்காவது அலுவலகத்தில் பகுதிநேரம் வேலை செய்திருந்தால் அங்கு வரைந்ததைக் கேட்காமல் போடக்கூடாது. வாடிக்கையாளர் பெயர், வீட்டு முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காமல் போட்டதைக் கண்டால் "எங்கள் வரைபடங்களையும் நாளைக்கு இப்படித்தான் கொண்டுபோவார்" என்றுதான் தோன்றும்.

இப்போது அம்மம்மா வீட்டுக்கு வருவோம்.

நாற்சார் வீடு என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் உள்விறாந்தை, தெருப்பக்கம் தலைவாசல். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குப் பிடித்தது கணினியில் செய்த சுத்தமான பிளான் இல்லை. அதற்கு முந்தின கொப்பிப் பக்கம். சதுரக் கோட்டுக் கொப்பியில் குமிழ்முனைப் பேனாவால் அறையைக் கிறுக்கி, ஒரு பக்கச் சுவர் 3.05, எதிர்ப்பக்கம் 3.12 என்று எழுதி, இரண்டு மூலைவிட்டமும் அளந்து, பக்கத்தில் "அளவுநாடா தொய்ந்துவிட்டது, திரும்ப அளக்க" என்று குறித்திருக்கிறீர்கள். அடுத்த நாள் தேதியோடு திருத்தமும் இருக்கிறது. தங்கச்சி, இந்த ஒரு பக்கம் பத்து ரெண்டருக்குச் சமம்.

காரணம் சொல்கிறேன். பயிற்சிக்கு வருகிறவருக்கு நாங்கள் கொடுக்கும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான்: "பம்பலப்பிட்டியில் ஒரு பழைய வீடு, போய் அளந்துகொண்டு வாருங்கள்." பழைய வீட்டில் எந்த அறையும் சரியான நீள்சதுரம் இல்லை. நாலு சுவரை மட்டும் அளந்துகொண்டு வந்தால் அலுவலகத்தில் வரையும்போது மூலை ஒட்டாது, இன்னொருநாள் பேருந்து ஏறவேண்டும். மூலைவிட்டம் அளக்கத் தெரிந்தவர், சந்தேகத்தைக் குறித்துவைக்கிறவர், மறுநாள் போய்த் திருத்துகிறவர், அவரைத்தான் நான் முதலில் சொன்ன அந்தத் திங்கட்கிழமைக்குத் தேடுகிறேன். கொழும்பில் வெறும் நிலம் எங்கே இருக்கிறது? இருக்கிறதை வாசித்து மாற்றுவதுதான் பாதி வேலை. பகதல வீதி 33ஆம் ஒழுங்கையில் பாவாவின் 11ஆம் இலக்க வீடும் அப்படி வந்ததுதான். 1958இல் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளில் ஒன்றை வாங்கி, பத்து வருடத்தில் மற்றவையும் சேர்ந்து, சுவரைத் திறந்து, முற்றங்களை விட்டு ஒரே வீடாகியது. முன்பதிவு செய்து பார்க்கலாம். பார்த்திராவிட்டால் நேர்முகத்துக்கு முன் ஒருதரம் போய் வாருங்கள்.

அதனால் அந்த வீட்டுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். கொப்பிப் பக்கத்தை ஸ்கேன் பண்ணி இடப்பக்கம், சுத்தமான பிளானை வலப்பக்கம். முற்றத்தை வெட்டும் ஒரு செக்ஷன்: பனை வளைகள், ஓடு, தாழ்வாரத்தின் கீழ் மழைத்தண்ணீர் விழும் இடம், அது முற்றத்தில் இருந்து வெளியேறும் துவாரம். சுண்ணாம்புக் கல் சுவரின் தடிப்பை எண்ணாகப் போடுங்கள். பெயர்களைத் தமிழிலேயே விடுங்கள். தலைவாசல், நாற்சார், அடுப்படி என்று தமிழ் எழுத்தில் எழுதி, ஆங்கில விளக்கத்தை அடியில் சிறிதாக. "கோர்ட்யார்ட்" என்று எழுதிவிட்டால் அது எந்த ஊர் வீடும் ஆகிவிடும். வடக்கில் எத்தனையோ நாற்சார் வீடுகள் யுத்தத்தோடு போய்விட்டன, மிஞ்சியவற்றில் பல கூரை இல்லாமல் நிற்கின்றன. அளந்து வைத்தவர் குறைவு. இதைப் பெருமையாக எழுதத் தேவையில்லை, அளந்த திகதியைப் போட்டால் போதும். ஒன்று மட்டும்: அம்மம்மா கட்டிலில் படுத்திருக்கும் படம் இருந்ததே, அதை எடுத்துவிடுங்கள். வெறும் கட்டில் போதும்.

எழுத்துப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், ஆங்கிலம் பயமென்று. ஒரு வேலைக்கு அறுபது எழுபது சொல் போதும், அதற்கு மேல் யாரும் வாசிப்பதில்லை. முதலில் தமிழில் அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள்: "பிள்ளைகள் நிழலில் இருந்தார்கள், அதனால் திண்ணையை அந்தப் பக்கம் வைத்தேன்." அம்மாவுக்கு விளங்கினால் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். "வெளிக்கும் உள்ளுக்கும் இடையிலான உரையாடல்" மாதிரி எதையாவது எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மொழிகளைச் சுயவிவரப் பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள், சிங்களம் எவ்வளவு பேசுவீர்கள் என்பதையும் சேர்த்து. தளத்தில் மேசன் பாஸ் சிங்களம், ஓடு போடுகிறவர் ஹட்டன் தமிழ், வாடிக்கையாளர் ஆங்கிலம். மூன்றிலும் சமாளிக்கிற பிள்ளைக்குக் கொழும்பில் நல்ல மதிப்பு. மென்பொருள் அறிவுக்கு வட்டம் போட்டு நிரப்புகிறார்களே, ஆட்டோகேட் 80 சதவீதம், ரெவிட் 65 சதவீதம் என்று, அதைச் செய்யாதீர்கள். எதில் 80? "ரெவிட்: பட்டறை வீட்டின் முழு வரைபடத் தொகுதியும் இதில்" என்று எழுதினால் எனக்கு விளங்கும்.

வடிவமைப்பில் நான் நிறையச் சொல்லப்போவதில்லை. ஏ3 படுக்கை வாட்டம் திரைக்கும் அச்சுக்கும் பொருந்தும். இன்டிசைன் தெரிந்தால் அதில், தெரியாவிட்டால் பவர்பாயிண்டில் செய்தாலும் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஒரே எழுத்துரு, அதில் இரண்டு அளவு, எல்லாப் பக்கத்திலும் ஒரே ஓரம். வெள்ளைப் பின்னணி. மாதிரியுருவைப் படம் எடுக்க ஸ்டூடியோ வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம், பின்னால் மடிப்பில்லாத சாம்பல் துணி, கைபேசியை மாதிரியுருவுக்குள் நிற்கிற ஆளின் கண்மட்டத்துக்கு இறக்கி, கொஞ்சம் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள். மேலே இருந்து எடுத்தால் பறவைக்குத்தான் அந்தக் கட்டடம்.

கோப்பு 10 எம்பிக்குள் இருக்கட்டும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்கவே முடியாது, அதுக்குக் கிட்டப் போனாலும் தளத்தில் நின்று கைபேசியில் திறக்கிறவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சுக்கு வேறு கோப்பு, 300 டிபிஐயில். இணையத்தில் பக்கம் தொடங்குவது உங்கள் விருப்பம். நான் பிடிஎஃப்தான் திறப்பேன். கோப்புக்கு உங்கள் பெயரையும் வருடத்தையும் வையுங்கள். "போர்ட்ஃபோலியோ ஃபைனல் ஃபைனல் 3" என்று ஒரே காலத்தில் என்னிடம் நாலு பேருடையது இருந்தது.

அச்சடிக்கும் நாள் ஒன்றைத் தனியாக வையுங்கள். முழுவதையும் கொடுக்க முன் கோட்டுப் படம் உள்ள ஒரு பக்கத்தையும் கரிய ரெண்டர் ஒன்றையும் மட்டும் அடித்துப் பாருங்கள். திரையில் தெரிகிற நிழல் தாளில் சேறாகிவிடும், கொஞ்சம் வெளிச்சமாக்கவேண்டி வரும். மினுங்காத தாள் நல்லது, மேசை விளக்கு அதில் தெறிக்காது. ஸ்பைரல் போட்டால் புத்தகம் தட்டையாக விரியும், இரண்டு பக்கச் செக்ஷனின் நடுவில் ஓட்டை விழும். நடுவில் தைத்தால் பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும். எதுவானாலும் செக்ஷனின் முக்கியமான இடம் மடிப்பில் போகாமல் பாருங்கள். உங்கள் நூலகத்தில் படிக்கட்டு சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மின்னஞ்சல் நாலு வரி. யார், எந்த ஆண்டு, எந்தத் திகதியில் இருந்து எத்தனை மாதம் வரலாம், அந்த அலுவலகத்தின் எந்த வேலையைப் பார்த்து எழுதுகிறீர்கள். கடைசி விஷயம் பொய்யாக இருக்கக்கூடாது. நாங்கள் கட்டாத ஹோட்டல் ஒன்றைப் புகழ்ந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது. முப்பது அலுவலகத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட எட்டு அலுவலகத்தின் வேலைகளைத் தேடிப் பார்த்து எட்டுக் கடிதம் எழுதுங்கள். வீடுகள் செய்கிற அலுவலகத்துக்குப் பட்டறை வீட்டை முன்னால் நகர்த்துங்கள், பழைய கட்டடங்களைத் திருத்துகிறவர்களுக்கு அம்மம்மா வீடு முதற்பக்கம். இரண்டு கிழமை பதில் இல்லையென்றால் ஒருதரம் நினைவூட்டலாம், அதில் தப்பில்லை. கட்டடக் கலைஞர் நிறுவகம் வருடாவருடம் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடத்தும் கண்காட்சியில் அலுவலகத்து ஆட்களை நேரில் காணலாம். அங்கே போர்ட்ஃபோலியோவை நீட்டாதீர்கள், பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள்.

கூப்பிட்டால் அச்சுப் புத்தகத்தோடு அந்தச் சதுரக் கோட்டுக் கொப்பியையும் பையில் கொண்டுபோங்கள். பக்கம் பக்கமாக விளக்கத் தொடங்கவேண்டாம், அவர்கள் புரட்டட்டும், நிற்கிற இடத்தில் பேசுங்கள். பிழை ஒன்றைக் காட்டினால் "ஓம், அது பிழை" என்று சொல்லி, இப்போது செய்தால் எப்படிச் செய்வீர்கள் என்று பென்சிலை எடுத்து அங்கேயே வரைந்து காட்டுங்கள். பீலியைக் கட்டாயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் உங்களுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். தளத்துக்குக் கூட்டிப்போவார்களா, உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் யார் கையெழுத்து வைப்பார், மாதக் கொடுப்பனவு எவ்வளவு, மூன்றையும் கேளுங்கள். கடைசியைக் கேட்க வெட்கப்படுகிறார்கள் எங்கள் பிள்ளைகள். வெள்ளவத்தையில் இருந்து தினமும் பேருந்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போகும் என்று இப்போதே கூட்டி வையுங்கள்.